புரபசர் வீட்டுக்குக் கொண்டுபோன கோழி

1

அந்தத் துரைசானி என்ன செய்தாள் தெரியுமா அஞ்சலை, கோழியை என் கையிலிருந்து வாங்கி, நெஞ்சுப் பக்கத்து இறகை ஊதிப் பிரித்துச் சதை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். அனந்தபுரம் சந்தையில் நீ பார்ப்பாயே, அதே மாதிரி. வெள்ளைக்காரியாக இருந்தால் என்ன, கோழி பார்க்கிற கை எல்லாச் சீமையிலும் ஒன்றுதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இரு, தலையும் வாலும் இல்லாமல் ஆரம்பித்துவிட்டேன். லூர்து பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நான் பேசுவதை எழுதுகிறவள் அவள்தான், என் மருமகள். செஞ்சியில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள குட்டிச்சுவரில் கையூன்றிக்கொண்டு உன்னிடம் பேசுவது போலத்தான் பேசுகிறேன். அவள் எழுதும்போது அது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்த மாதிரி ஆகிவிடுகிறது. உன் மகன் இதைப் படித்துக் காட்டும்போது, இது சவுரியம்மா பேச்சில்லையே என்று நினைக்காதே. நான்தான்.

நான் இந்தக் கொழும்புக்கு வந்து சேர்ந்தது சூசையப்பர் திருநாளுக்கு முந்தின நாள். இந்த வருஷம் அதே நாளில்தான் கோழியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நல்ல நாள் என்று நினைத்தேன்.

2

என் மகன் சின்னப்பனை உனக்குத் தெரியும். ஆடு மேய்க்க அனுப்பினால் தொண்டூர் மலையில் அந்தக் காலத்துச் சாமியார்கள் வெட்டி வைத்த கல்படுக்கையில் மல்லாந்துகொண்டு புத்தகம் படிப்பான். ஆடு பாட்டுக்கு உன் மாமனார் கேழ்வரகில் மேயும். அவர் வந்து கத்துவார். அந்தப் பிள்ளை இப்போது இங்கே பல்கலைக்கழகத்தில் தலையணை உயரத்துக்கு ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டான். எதைப் பற்றி என்கிறாய்? நம் பக்கத்து ஏரிகளைப் பற்றி! பனமலை ஏரியை யார் வெட்டினார்கள், கரை உடைந்தால் எந்த ஊர்க்காரன் மண் சுமந்தான், மடையை யார் திறந்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறதாம். அதைப் பெரியவர்கள் படித்து ஒப்புக்கொண்டால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். ஊசி போடத் தெரியாத டாக்டர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, பெருமையும் தாங்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நிற்கிற சிங்களப் பெண்களிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர்களுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினார்கள், போதும்.

ஆனால் புத்தகம் முடிந்ததோடு படிப்புக்கென்று மாதாமாதம் வந்துகொண்டிருந்த உதவிப்பணமும் நின்றுவிட்டது. இத்தனை நாள் படித்தவன் இனி வேலை தேட வேண்டும். சென்னைப் பட்டணத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் எழுதிப் பார்த்தான், ஒருவரும் பதில் போடவில்லை. இங்கே சரித்திரம் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் காலியானது. ஒரே ஓர் இடம். அதற்குச் சீமையில் படித்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் போட்டி. அது கிடைக்காவிட்டால் நாங்கள் இந்த ஊரில் தங்குவதற்கான சீட்டையும் புதுப்பிக்க மாட்டார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத்தான் வரவேண்டும். எனக்கென்ன, நான் சந்தோஷமாக வருவேன். அவன் எப்படி வருவான்? "டாக்டர் வந்துட்டாரு, மாட்டுக்கு வைத்தியம் பாப்பாரா?" என்று உன் மைத்துனனே கேட்பான்.

அந்தச் சீட்டு ஆபீசுக்குப் போன கதையைக் கேள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ரோஸ் இருக்கிறாளே, என் பேத்தி, அவள்கூட வளைத்து வளைத்து இங்கிலீசில் போட்டாள். என் முறை வந்ததும் குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தி, "புரபசர் ஆகப்போற ஆளின்ட தாயா இவ?" என்று கேட்டான். கேலியாக இல்லை, சும்மாதான் கேட்டான். சின்னப்பன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஏதோ படிக்க ஆரம்பித்துவிட்டான். வெளியே வந்ததும் டிராம் வண்டியில் தன் கைக்குட்டையை எடுத்து என் கட்டைவிரலைத் துடைத்தான். அழுத்தி அழுத்தித் துடைத்தான். "வுடுறா, வலிக்குது" என்றேன்.

3

கலியாணத்துக்குக்கூட நாங்கள் இப்படித் தயாரானதில்லை அஞ்சலை. மனுவை டைப்படிக்கிற கடையில் கொடுத்து, அதில் ஒரு எழுத்து மேலே ஏறிவிட்டது என்று மறுபடி அடிக்கச் சொல்லி, தெரிந்த பெரிய மனிதர்களிடம் நற்சாட்சி எழுதி வாங்கி, கோட்டுத் தைக்கக் கொடுத்து, அந்தக் கோட்டு அக்குளில் இறுக்குகிறது என்று திருப்பிக் கொடுத்து, ஒரே அமளி. நேர்காணல் அன்று, ஆள் எடுக்கிற பெரியவர்கள் சபையின் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். அதற்கு வீட்டிலேயே ஒத்திகை.

எங்கள் மூவரையும் பாயில் உட்கார வைத்துவிட்டு, அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பான். பாயில் லூர்து, ரோஸ், நான். நாங்கள்தான் சபை.

"அம்மா, நீதான் பெரிய புரபசரு. நடுவுல எதனா கேளு. எடக்கா கேளு."

"இன்னா எடக்கா கேக்கறது?"

"உன் வாய்க்கு வந்தத கேளு. நான் தடுமாறாம பதில் சொல்லணும், அவ்ளோதான்."

அவன் இங்கிலீசில் மளமளவென்று பேசினான். கேட்பதற்கு மழை பெய்கிற மாதிரி நன்றாக இருந்தது. கண் சொக்கியது. லூர்து இடித்தாள். நான் திடுக்கிட்டு, "அந்த மண்ணு சொமந்தவங்களுக்கு மத்தியானம் கஞ்சி யாரு ஊத்துனது?" என்று கேட்டேன். ரோஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னப்பன் சிரிக்கவில்லை. "இப்பிடி யாரும் கேக்கமாட்டாங்கம்மா" என்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

ரோஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வயது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஜெபம் இங்கிலீசில். சோறு கரண்டியில். தெருவில் என்னோடு வந்தால் நான்கு அடி முன்னால் நடப்பாள். நான் யாரிடமாவது பேசப் போனால் "ஆயா, ஷ்ஷ்" என்பாள். எனக்கு இங்கே ரவிக்கை போட்டு விட்டதே அவள் சொல்லித்தான். "என் ஃப்ரெண்ட்ஸ் பாக்கறாங்க" என்று அழுதாளாம். போட்டுக்கொண்டேன். கைகளைத் தூக்கினால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் இரவில் என் பக்கத்தில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

4

ஒரு நாள் சாப்பிடும்போது சின்னப்பன் சொன்னான். சபையில் இருக்கிற யாரையும் வேலை விஷயமாக வீட்டுக்குப் போய்ப் பார்க்கக் கூடாதாம். ஆளை விட்டுச் சொல்லச் சொல்லவும் கூடாதாம். பார்த்தால் மனுவைத் தள்ளிவிடுவார்களாம். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? அது கெஞ்சப் போகிறவர்களுக்குச் சொன்னது. நான் ஏன் கெஞ்சப் போகிறேன்? என் பிள்ளைதான் கெட்டிக்காரனாயிற்றே! ஆனால் ஒரு பெரிய மனிதர் நமக்கு நல்லது செய்கிற இடத்தில் இருக்கும்போது, அவர் வீட்டு வாசலை மிதிக்காமலே இருப்பது என்ன மரியாதை?

நம் ஊரில் எப்படி? சின்னப்பனைப் போர்டிங்கில் சேர்க்கச் சொல்லிக் கோயில் பங்குச் சாமியாரிடம் போனபோது ஒரு பூசணிக்காயும் ஒரு விடைக்கோழியும் கொண்டுபோனேன். நீதான் கோழியின் காலைக் கட்டிக் கொடுத்தாய். முன்சீப் வீட்டுக்குப் போனாலும் சரி, மருத்துவச்சி வீட்டுக்குப் போனாலும் சரி, வெறுங்கையோடு போனதுண்டா நாம்? படித்துப் படித்து இவனுக்கு இதெல்லாம் மறந்துவிட்டது, நாமாவது செய்வோம் என்று நினைத்தேன்.

கொல்லையில் நான் வளர்க்கிற கோழிகளில் நல்ல செவலையாக ஒன்றைப் பிடித்தேன். ஒரு சீப்பு வாழைப்பழம். சின்னப்பன் நூலகத்துக்குப் போய்விட்டான், லூர்து ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த ரோஸைக் கூப்பிட்டேன். சபைக்குத் தலைவரான பெரிய புரபசர் வீடு அவளுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழிதான்.

"எதுக்கு ஆயா?"

"பாத்துட்டு வரலாம். உங்கப்பாவுக்கு நல்லது பண்ணப்போறவரு. நான் சொல்றத நீ இங்கிலீசுல சொல்லு, அவ்ளோதான்."

"நான் வரல."

"முறுக்கு சுட்டுத் தரேன்."

வந்தாள். வழியெல்லாம் வேலி ஓரமாகவே நடந்தாள். புரபசர் வீட்டில் இல்லை. அவர் பெண்சாதி, அந்தத் துரைசானிதான் வராந்தாவுக்கு வந்தாள். நான் கும்பிட்டேன். "நான் சின்னப்பனோட அம்மா, ஏரியப் பத்தி பொஸ்தகம் எழுதியிருக்கானே, அவனோட அம்மா. நீங்க நல்லா இருக்கணும். இத வச்சுக்குங்க" என்று சொல்லி ரோஸைப் பார்த்தேன். ரோஸ் தரையைப் பார்த்துக்கொண்டு என்னவோ சொன்னாள். சின்னதாகத்தான் சொன்னாள். இவ்வளவு பேச்சு இங்கிலீசில் இத்தனை சுருக்கமாகிவிடுகிறதே என்று ஆச்சரியப்பட்டேன். துரைசானி கோழியை வாங்கி, இறகை ஊதிப் பார்த்து, உள்ளே போய்ச் சில்லறை கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பழத்தை வேண்டாம் என்று தலையாட்டினாள்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று இவளுக்கும் தெரிந்திருக்கிறதே! நம் ஊரில் வெற்றிலை பாக்கோடு காசு வைத்துக் கொடுப்பதில்லையா, அது போல என்று நினைத்தேன். வருகிற வழியில் அந்தச் சில்லறையைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன்.

5

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்ததும் ஆசை ஆசையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சின்னப்பன் தட்டை நகர்த்திவிட்டான். அவன் முகம் சோற்றைவிட வெளுத்துப்போயிற்று.

"யாரு வீட்டுக்கு?"

"பெரிய புரபசரு வீட்டுக்குத்தான்."

"பேரு சொன்னியா? எம் பேரச் சொன்னியா?"

"சொல்லாம? பெத்தவ சொல்லாம யாரு சொல்லுவா?"

அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "முடிஞ்சுது. அஞ்சு வருசம். எல்லாம் முடிஞ்சுது. ஒரு கோழிய குடுத்து வேல வாங்க வந்தான்னு சபையில சொல்லுவாங்க. லூர்து, முடிஞ்சுதுடி."

அப்போது ரோஸ் மெல்ல, "நான் அப்பிடி சொல்லலியே நைனா" என்றாள்.

"இன்னா சொன்ன?"

"கோழி விக்கிறவங்கன்னு சொன்னேன். எனக்கு வழியில பாத்த பழக்கம், அவங்களுக்கு இங்கிலீசு தெரியாது, அதான் கூட வந்தேன்னு சொன்னேன்."

பிறகு சின்னப்பன் எழுந்து வந்து அவளை வாரித் தூக்கிக்கொண்டான். முத்தம் கொடுத்தான். "எம் பொண்ணு, நல்ல பொண்ணு, அப்பாவ காப்பாத்திட்டடி" என்று சிரித்தான். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தான். லூர்துவும் மூச்சு விட்டாள்.

அஞ்சலை, அவன் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். முட்டாள் கிழவி என்று சொல்லியிருந்தால், ஆமாண்டா என்று சொல்லியிருப்பேன். நான் செய்ததும் முட்டாள்தனம்தான். ஆனால் என்னைத் தன் ஆயா இல்லை என்று சொன்ன பிள்ளையை அவன் தூக்கிக் கொஞ்சினான் பார், அப்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பது? தட்டில் சோறு இருந்தது, அதைப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்தாள் குழந்தை, அவன் வேலை தப்பித்தது, நானும் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷமும் பட்டேன், பொய் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன், தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

6

நேர்காணல் நன்றாக நடந்தது. வந்ததும் வராததுமாகக் கோட்டைக்கூடக் கழற்றாமல், என்ன கேட்டார்கள், இவன் என்ன சொன்னான் என்று ஒவ்வொன்றாக எங்களுக்குத் தமிழில் நடித்துக் காட்டினான். சபைக்காரர்கள் சிரித்தார்களாம், தலையாட்டினார்களாம். கடைசியில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்களாம்.

"மனைவி, ஒரு பொண்ணுன்னு சொன்னேன். அப்பா அம்மா இருக்காங்களான்னாங்க. அப்பா இல்ல, அம்மா செஞ்சியில..." என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றான்.

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "செஞ்சியில எந்தத் தெருன்னு கேட்டாங்களா?" என்று கேட்டேன். வேடிக்கைக்குத்தான் கேட்டேன். அவன் காது இரண்டும் சிவந்துபோயிற்று. கோட்டோடு கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

ஆக, அஞ்சலை, இந்த ஊர்க் கணக்குப்படி நான் இப்போது உன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய புரபசர் இவனைத் தனியாகக் கூப்பிட்டு, உன்னைத்தான் எடுத்திருக்கிறோம், பல்கலைக்கழகத்து மேல் சபை ஒப்புக்கொண்டு உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி என்று சொல்லிவிட்டார். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். தெருக்குழாய்ப் பெண்களுக்குச் சர்க்கரை கொடுத்தேன். சின்னப்பனும் குழந்தை மாதிரி துள்ளினான். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார் புரபசர். ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு தேநீருக்கு வர வேண்டுமாம். அவர் துரைசானி ஆசைப்படுகிறாளாம்.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. என்னைத்தான் ஊருக்கு அனுப்பியாயிற்று. ரோஸை எங்கே அனுப்புவது? கோழிக்காரியோடு வந்து நின்றவள் அவள்தானே! துரைசானி பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை.

சின்னப்பன் நிறைய நேரம் யோசித்தான். பிறகு, பெண்ணுக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினான். அந்தத் துரைசானி நல்ல மனுஷியாக இருந்து தொலைத்தாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, நானே வந்து பார்க்கிறேன் என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டாள். இன்று சாயங்காலம் வருகிறாள்.

7

இப்போது உனக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிற நேரத்தில் வீடு எப்படி இருக்கிறது என்று கேள். முன்னறையைப் பெருக்கி மேசைமேல் விரிப்பு விரித்திருக்கிறது. ரோஸைக் கட்டிலில் படுக்க வைத்து, கழுத்துவரை கம்பளி போர்த்தி, நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். பாதி முகம் மறைகிற மாதிரி துணியும் கட்டியிருக்கிறது. இல்லாத காய்ச்சலுக்கு இத்தனை வைத்தியம். வாயால் சொன்னால் நிஜமாகவே வந்துவிடுமோ என்று எனக்குப் பதைக்கிறது. நான் கொல்லைப்புற அடுப்படியில் இருக்க வேண்டும், கார் போகும்வரை வெளியே வரக் கூடாது. லூர்து நல்ல புடவை கட்டிக்கொண்டு, மை படாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். முன்னறையில் தனியாக உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுப்படிக்கும் ரோஸ் படுத்திருக்கிற அறைக்கும் நடுவே ஒரு திரைதான். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கிறது.

சற்று முன் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"ஆயா."

"இன்னாடி கண்ணு?"

"என்ன எதுக்கு மூடி வச்சிருக்காங்க?"

"கொஞ்ச நேரம்தான்" என்றேன்.

"நான்தான் நல்ல பொண்ணுன்னு நைனா சொன்னாரே. நல்ல பொண்ண எதுக்கு மூடணும்?"

சின்னப்பன் முன்னறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டது. லூர்து எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை, அடுப்பை ஊதினேன். கார் சந்து முனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. தெருப்பிள்ளைகள் காரு காரு என்று ஓடின.

அவன் ரோஸ் படுத்திருந்த அறைக்குள் போனான். கம்பளியை உருவுகிற சத்தம். பிறகு அவன் குரல், எப்போதையும்விடத் தாழ்வாக.

"எழுந்திரு. மூஞ்சியக் கழுவிட்டு வா. அழாத. நீ ஒண்ணும் பண்ணல, நான்தான் பண்ணேன்."

லூர்து இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "உத்தரவு இன்னும் வரலீங்க."

"தெரியும்."

"சபையில சொல்லிட்டாங்கன்னா?"

"சொல்லட்டும்." திரையை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தான். கோட்டின் கைமடிப்பில் சுக்குப் பற்று ஒட்டியிருந்தது. என்னை நேராகப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அம்மா, காபி போடு. நீதான் எடுத்துக்கிட்டு வரணும். இவங்கதான் எங்கம்மான்னு நானே சொல்றேன்."

"டேய், யோசிச்சுக்கடா. நான் இங்கயே இருக்கறேன், எனக்கொண்ணும் கொறச்சலில்ல."

"எனக்கு இருக்குதும்மா" என்றான். முன்னறைக்குப் போய்விட்டான். வாசல் தாழ்ப்பாளைத் தள்ளுகிறான்.

கார்க் கதவைச் சாத்துகிறார்கள் அஞ்சலை. வேலை இருக்குமோ போகுமோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். லூர்து, போதும், பேனாவை மூடிவிட்டு நீ முன்னால் போ. பால் பொங்கி வருகிறது, டம்ளர்கூடக் கழுவவில்லை.